கொழும்புக்குப் பறந்த கிடார்

எங்கள் கோயில் பாடற்குழுவில் கிடார் வாசிப்பவன் ஹிலாரி. நான் தபேலா. ஞாயிற்றுக்கிழமை திருவிழாப் பூசை, ஆயர் வருகிறார். காணிக்கைப் பாட்டுக்கு ஹிலாரியே மெட்டுப் போட்டு, நடுவில் ஒன்றரை நிமிஷம் கிடார் மட்டும் தனியாக வருகிற மாதிரி வைத்திருந்தான். எல்லாம் இருந்தது. கிடார்தான் இல்லை. பழைய கிடாரின் கழுத்து பங்குனி மாசமே முறிந்துவிட்டது. அவன் மாமியார் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் அதைப்பற்றி இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் கஸ்பார் மச்சாது. "இந்தா, அடுத்த வாரம்" என்று சொல்லிச் சொல்லியே ஐந்து மாசம் ஓட்டிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு நானும் ஹிலாரியும் அவர் வீட்டுக்குப் போனோம்.

மச்சாதண்ணன் முப்பது வருஷம் கப்பலில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடிக்குத் திரும்பி வந்ததும் வீட்டு மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு, 'மச்சாது கிடார் பணிமனை' என்று பலகை மாட்டினார். போகாத துறைமுகம் இல்லை, அங்கெல்லாம் என் கிடார்தான் பாடுகிறது என்பார். கொட்டகைக்குள் உளி இருந்தது, இழைப்புளி இருந்தது, பசைச் சட்டி இருந்தது. கிடாரை மட்டும் காணோம். மாடி மூலையில் அவர் மனைவி தெக்லா அக்கா மிளகாய் வத்தலைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்.

"கிடார் எங்கண்ணே?" என்றான் ஹிலாரி.

"முடிஞ்சிட்டு."

"அப்ப தாங்க."

"முடிஞ்சதுதாம்ல பிரச்சினையே. உக்காருங்க."

ஹிலாரி நின்றுகொண்டே இருந்தான். நான் உட்கார்ந்துவிட்டேன். அது என் தப்பு. மச்சாதண்ணனுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும், அவருக்கு அது மாநாடு.

"மரம் எங்கன புடிச்சேன்னு கேளு," என்றார்.

"நான் கேக்கல," என்றான் ஹிலாரி.

"நல்ல கேள்வி. ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல நின்ன வாகை மரம் மக்கா அது. நாப்பது வருஷமா அதுலதான் குழாய் ஸ்பீக்கரக் கட்டியிருக்கான். நாப்பது வருஷம் பாட்டுக் கேட்ட மரம்லா! ரம்பத்த வச்சு இழுக்கேன், கர்ரு புர்ருன்னு சத்தம் வரணுமா வேண்டாமா? வரல. கெட்டிமேளம் வருது! எதுத்தாப்புல ரம்பம் புடிச்சவன் பழக்க தோசத்துல ரம்பத்த விட்டுட்டு, அச்சதைய எடுத்து என் தலையில போட்டுட்டான்."

"எந்த மண்டபம்ணே?" என்றேன் நான்.

"இப்ப இடிச்சிட்டானுவ. நீ பாத்திருக்க முடியாது. அடிமரத்துல ஒரு வட்டத் துண்டு எடுத்தேன். வருஷத்துக்கு ஒரு ரேகை ஓடியிருக்கும்லா? சும்மா வெளையாட்டுக்கு அதுல ஒரு ஊசிய வச்சுச் சுத்துனேன். இசைத்தட்டு மாதிரி பேசுதுங்கேன்! மொத ரேகையில, 'அலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ.' அடுத்ததுல, 'மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனே மணமேடைக்கு வரவும்.' பதினேழாவது ரேகையில, 'வாசலில் வண்டியை வழிமறித்து நிறுத்தியிருப்பவர் உடனே எடுக்கவும்.' எனக்கே பதறிட்டு. கீழ ஓடிப்போயி வண்டியத் தள்ளி வச்சிட்டுல்லா வந்தேன்."

"நம்மகிட்ட ஏது வண்டி?" என்றார் தெக்லா அக்கா, மிளகாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பக்கத்து வீட்டு வண்டி. யாரு வண்டியா இருந்தா என்ன, வழி மறிக்கலாமா?"

தெக்லா அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "தம்பி, அது மண்டபத்து மரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எங்கம்மா எனக்குச் சீதனமாக் குடுத்த அலமாரி. நான் மருதைக்குப் போயிருந்தப்ப அறுத்துட்டாரு."

மச்சாதண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "அந்த அலமாரி எந்த மரத்துல செஞ்சது? அதச் சொல்லு பாப்போம்!"

தெக்லா அக்கா மறுபடி மிளகாயைக் கிளறத் தொடங்கினார். மச்சாதண்ணன் ஜெயித்துவிட்ட தோரணையில் என் பக்கம் திரும்பினார்.

"முகப்புப் பலகை எவ்வளவு மெலிசா இருக்கணும், தெரியுமா?"

"ரெண்டரை மில்லி," என்றான் ஹிலாரி.

"அது மத்தவனுக்கு. நான் எழைச்சேன், எழைச்சேன், பலகையில ஒரு பக்கம் மட்டுந்தான் மிச்சம். மறுபக்கத்தக் காணும். அப்படி ஒரு மெலிசு. எழைக்கும்போது வந்த சுருளு இருக்கே, அது கீழ விழல. மேல போச்சு. காத்துல மெதந்து போயி, நேரா கோயிலுக்குள்ள நொழஞ்சு, வாசக மேடையில இருந்த புத்தகத்துக்கு நடுவுல விழுந்திட்டு. வாசகரு பாத்தாரு. இதுவும் ஒரு பக்கம்னு நெனச்சு வாசிச்சுட்டாரு."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"நான் பென்சில்ல குறிச்சு வச்ச அளவு. 'மேல் இடுப்பு பதினொண்ணரை, நடு இடுப்பு ஒம்பதரை, கீழ் இடுப்பு பதினஞ்சரை. இது ஆண்டவரின் அருள்வாக்கு'ன்னு முடிச்சாரு. சனமும் 'இறைவா உமக்கு நன்றி'ன்னு சொல்லிட்டு. முன் பெஞ்சுல ரெண்டு அம்மாமாரு மட்டும் மொறைச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்களாம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹிலாரி என் காலை மிதித்தான். ஐந்து மணிக்கு ஒத்திகை.

"விலாப் பலகைய வளைக்கணும்லா," என்று மச்சாதண்ணன் தொடர்ந்தார். "மத்தவன் தண்ணில ஊறப்போட்டு, சுடுகுழாய்ல வச்சு அமுக்கி, பாடாப்படுவான். நான் அக்னி வெயில்ல இந்த மாடியில ரெண்டு பலகையையும் நிமித்தி வச்சேன். அஞ்சு நிமிஷம் பாத்துதுங்க. தாங்க முடியல. ரெண்டும் இடுப்ப வளைச்சுக் குனிஞ்சு நெழலப் பாத்து ஓடிச்சு. ஓடுனத மறிச்சுப் புடிச்சு அந்த வளைவுலயே ஒட்டிட்டேன்."

"எதுல ஒட்டுனீங்க?" இது நான். ஹிலாரி இன்னொரு தடவை மிதித்தான்.

"கேட்ட பாரு! கத்தாளை மீனோட காத்துப் பையக் காய்ச்சுன பசை. ஒரு சொட்டு இந்தக் கூரைத் தகரத்துல சிந்திட்டு. ஒரு காக்கா வந்து உக்காந்துது. உக்காந்ததுதான், எந்திரிக்க முடியல. கத்துது. அதோட சாதிசனம் எல்லாம் வந்துட்டு, எரநூறு காக்கா. ஆளுக்கொரு எறகப் புடிச்சு ஒரே இழுப்பு. காக்கா வரல. கொட்டகை வந்துட்டு!"

"கொட்டகையா?"

"அப்படியே தூக்கிட்டுப் போயி நாலு தெரு தாண்டி உப்பளத்துல எறக்கிட்டுதுங்க. உள்ள நான் இருக்கேன், கையில உளி இருக்கு. பொறவு நாந்தான் சமாதானம் பேசித் திருப்பிக் கொண்டு வரச் சொன்னேன். முன்னால இது கெழக்க பாத்து இருந்துது. இப்ப எங்க பாத்து இருக்கு? தெக்க! போதுமா சாட்சி?"

"போன மாசக் காத்துல ரெண்டு தகரம் பறந்துது," என்றார் தெக்லா அக்கா. "நாந்தான் எடுத்துட்டு வந்தேன்."

"அண்ணே," என்றான் ஹிலாரி. "கிடார்."

"அதுக்குத்தான வாரேன். தந்தி மாட்டி முறுக்குனேன். முறுக்கின முறுக்குல பக்கத்து வீட்டுச் சுவரு ஒரு அடி நம்ம பக்கம் வந்துட்டு. அந்த வீட்டுக்காரரு கோவத்துல சர்வேயரக் கூட்டிட்டு வந்தாரு. சர்வேயரு டேப்பப் புடிச்சு அளக்காரு, நான் மேல ஒரு சுத்துத் தளத்துதேன், சுவரு பின்னால போயிட்டு. அவரு திருப்பி அளக்காரு, நான் முறுக்குதேன். அந்த மனுசன் டேப்ப அங்கனயே போட்டுட்டு, லீவு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

"சுதி சேந்துச்சா, அடித்தந்திய ஒரே ஒரு தட்டு தட்டுனேன். கடல்ல இருந்து 'பாம்ம்ம்'னு ஒரு பதில் வருது. துறைமுகத்துல கப்பல்னு நெனச்சேன். மறுபடி தட்டுதேன். மறுபடி 'பாம்ம்ம்.' கொஞ்சம் கிட்டக்க. பொறவு பாத்தா அது கப்பல் இல்லடே, திமிங்கிலம்! கிடார்ச் சத்தத்த யாரோ வயசுப் பொண்ணுன்னு நெனச்சுட்டு. தாய் தகப்பன், பெரியப்பன், நாலு பங்காளியோட கரைக்கு வந்து பொண்ணு கேட்டு நிக்கி. நான் போயி, 'பொண்ணு உங்க சாதியில்ல, மரச்சாதி'ன்னு பக்குவமா எடுத்துச் சொல்லி அனுப்பி வச்சேன். பெரியப்பன்காரனுக்கு மட்டும் முகம் சரியில்ல."

ஹிலாரி தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"நம்பலியோ? அந்தத் தட்டு தட்டுனது செவ்வாக்கெழமை. இன்னக்கி சனி. நாதம் இன்னும் நிக்கல. பேசாம இருந்து காதக் குடுத்துக் கேளுங்க."

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டது. எங்கோ அடியிலிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரே சுதியில், மெதுவாக. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஹிலாரிகூட ஒரு கணம் வாயைத் திறந்துவிட்டான்.

"கீழ ஃபிரிட்ஜ் ஓடுது," என்றார் தெக்லா அக்கா.

ஹிலாரி வாயை மூடினான். "அண்ணே, கடைசியாக் கேக்கேன். இப்ப, இந்த நிமிஷம், கிடார் எங்க இருக்கு?"

"கொழும்புல."

"எங்க?"

"வார்னிஷ் காயட்டும்னு துணிக்கொடியில நாலு கிளிப்பு மாட்டித் தொங்கப் போட்டேன். எவ்வளவு மெலிசுன்னு சொன்னேன்லா? மேக்க இருந்து கச்சான் காத்து ஒரு வீசு வீசிட்டு. கிளிப்போட போச்சு. கடலுக்கு மேல போகுது, காத்து தந்தியில படப்பட தானாப் பாடிட்டே போகுது. கொழும்புல ஒரு கல்யாண வீட்டுல எறங்கிட்டாம். மூணு நாளா ஆளில்லாம அதுவே வாசிக்காம். சாப்பாடும் போடுதாங்களாம். பந்தியெல்லாம் முடிஞ்ச ஒடனே..."

அவர் முடிக்கவில்லை. ஹிலாரி அதுவரை நின்றுகொண்டிருந்தவன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் மெதுவாகப் பேசினான்.

"கிடார் இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்கண்ணே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆர்மோனியத்த வச்சு ஒப்பேத்திக்கிடுதோம். அந்த ஒண்ணரை நிமிஷத்த வெட்டிருதேன், அவ்வளவுதான். மூணு மாசமாக் கையால காத்துல வாசிச்சுப் பழகிருக்கேன். அது பரவாயில்ல."

மச்சாதண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒரு காக்கா, ஒரு திமிங்கிலம், ஒரு சர்வேயர்கூட வரவில்லை. உளியை எடுத்து அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

தெக்லா அக்கா எழுந்தார். மிளகாய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். திரும்பி வரும்போது பழைய சேலை சுற்றிய பெரிய பொட்டலம் ஒன்றைக் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார்.

"கட்டிலுக்கு அடியில மூணு வாரமாக் கெடக்கு. தெனம் காலைல எடுத்துத் தொடைக்காரு, பாக்காரு, திருப்பி உள்ள தள்ளிருதாரு. என்னன்னு கேட்டா வெசம் மாதிரி பாக்காரு."

"ஏண்ணே?" என்றான் ஹிலாரி.

மச்சாதண்ணன் கடல் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா. அது நல்லாருக்கா, நாசமாருக்கான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீ வந்து தட்டி, அது தகர டப்பா மாதிரி கேட்டுச்சுன்னா? அதான்... நாளைக்கிக் குடுப்போம், நாளைக்கிக் குடுப்போம்னு."

ஹிலாரி சேலையைப் பிரித்தான். தேன் நிறத்தில் இருந்தது. ஓரத்தில் ஒரு இடத்தில் பழைய அலமாரிப் பூட்டின் துளையை வேறு மரத்துண்டு வைத்து அடைத்திருந்தார். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். அவன் ஆறு தந்தியையும் ஒவ்வொன்றாகச் சுதி சேர்த்தான். ரொம்ப நேரம் பிடித்தது. மச்சாதண்ணன் கொட்டகைக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ தேடுகிற மாதிரி நின்றார்.

பிறகு ஹிலாரி வாசித்தான், அந்த ஒன்றரை நிமிஷத்தை முழுக்க.

இத்தனை நேரம் அவர் பேச்சைக் கேட்டபிறகு நானும் கூட்டிச் சொல்லக்கூடாது. நல்ல கிடார். அடித்தந்தி நெஞ்சில் கைவைத்த மாதிரி இருந்தது, மேல்தந்திகள் தெளிவாக இருந்தன. தெக்லா அக்கா மிளகாயை மறந்துவிட்டு நின்றார். வாசித்து முடித்தபிறகு கொட்டகைக்குள் மச்சாதண்ணன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. மிளகாய் நெடி என்று அப்புறம் சொன்னார்.

ஹிலாரி கிடாரை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. "அண்ணே, எத்தனை கிடார் செஞ்சா இப்பிடி ஒரு கை வரும்?"

மச்சாதண்ணன் வெளியே வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார், மனைவி முகத்தைப் பார்த்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாதா சத்தியமாச் சொல்லுதேன் மக்கா. கப்பல்ல நான் கதவுக்குக் கீல் மாட்டினவன். ஒடஞ்ச பெஞ்சுக்குக் கால் வச்சவன். கிடார் ஒண்ணுகூடச் செஞ்சதில்ல. பொறந்ததுக்கு நான் செஞ்ச மொத கிடார் இதுதான்."

"ஆமா தம்பி," என்றார் தெக்லா அக்கா. "அது நெசந்தான்."

ஹிலாரி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கிடாரைப் பத்திரமாகச் சேலையில் சுற்றிக்கொண்டு எழுந்தான்.

"போங்கண்ணே! எதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? இப்பிடியா வாய்கூசாமப் புளுகுவாங்க!"