வாடகை ஸ்டூல்

குத்தாலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்கள் காலை பத்து மணிக்கு நின்றால், கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். உட்கார்ந்தால் சேலைக்கு மரியாதை போய்விடுமாம்.

தொழிலாளர் ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும், அண்ணாச்சி பந்தல்கடையில் இருபது ஸ்டூல் வாடகைக்கு எடுத்தார்.

"எப்பவும் உக்காந்துதான் வேலை பாக்கோம்னு சொல்லணும், என்ன?" என்று பட்டுப் பிரிவு பேச்சித்தாயிடம் சொல்லிவைத்தார்.

பேச்சித்தாய் அப்படியே சொன்னாள். ஆய்வாளர் எழுதிக்கொண்டு, அவளிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். வேறு பேச்சு இல்லை.

ஜீப் தெருமுனை தாண்டியதும் அண்ணாச்சி கத்தினார். "ஸ்டூலை எல்லாம் வண்டியில ஏத்துங்க!"

"ஏத்திரலாம் அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய், எழுந்திருக்காமல். "ஆனா நான் சொன்னது நிசமான்னு பாக்க, சேலை எடுக்க வர்ற மாதிரி ஒரு அம்மாவை அனுப்புவாராம். தண்ணி குடிக்கையில சொன்னாரு."

அண்ணாச்சிக்கு வேர்த்தது. "ஏட்டி, வர்றவளுகள்ல அவ யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"அவங்க வாங்கவா வாராங்க? நூறு சேலையைப் பிரிச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் எடுக்காம போவாங்க. வேற என்ன அடையாளம் வேணும்?"

அன்று சாயங்காலத்துக்குள் அப்படிப்பட்ட அம்மாக்கள் முப்பத்தேழு பேர் வந்துபோனார்கள். ஒவ்வொருவரையும் அண்ணாச்சியே கும்பிட்டு வழியனுப்பினார்.

மூன்று மாதமாகிறது. ஸ்டூல்கள் இன்னும் பந்தல்கடைக்குத் திரும்பவில்லை. அந்தக் கடையில் இப்போது காலையிலிருந்து நிற்பவர் அண்ணாச்சி ஒருவர்தான்.