சிவப்பு மாட்டைப் பார்த்த விரல்

மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறேன். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் இது முடிவதற்குள் ஓலைக்குளத்து அண்ணன் தம்பிகள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பேர். பெரியவன் பூவரசன், இரண்டாமவன் தங்கவடிவு, சின்னவன் சிகாமணி. மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய கார். சிகாமணியின் நிச்சயதார்த்தத்தன்று அது நடுத்தெருவில் நின்றுபோய், பெண்வீட்டுப் பெரியம்மாக்கள் பட்டுப்புடவையோடு தள்ளினார்கள். பெண்ணின் அப்பா சடையப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்: "மாப்பிள்ளை அழைப்பன்னைக்கு வண்டி வழியில நின்னா, கல்யாணமும் நின்னுபோகும்."

காருக்குள் பாயிண்ட் என்று ஒரு சாமான். அது தேய்ந்துபோனால் இன்ஜினுக்குத் தீப்பொறி ஒழுங்காக வராதாம். அதை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போட்டால் வண்டி நிற்காது என்று டவுன் மெக்கானிக் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். அழைப்பு நாளன்று பார்த்து அவருக்குக் காய்ச்சல். படுத்தபடியே போனில் சொன்னார்:

"வட்ட மூடியத் தெறங்க. உள்ள வெரல் மாதிரி ஒண்ணு இருக்கும். அது எதைப் பாத்து நிக்குதுன்னு கவனிச்சுக்கங்க. புதுசப் போட்ட பெறகும் அதையேதான் பாக்கணும். எல்லாத்துக்கும் முன்னாடி பேட்டரியக் கழட்டிருங்க."

சொன்ன சொல் தட்டாதவர்கள். சுவர்க்கடிகாரத்தில் கழற்றினார்கள், டார்ச்சில் கழற்றினார்கள், காரில் கழற்றினார்கள். கடைசியாக, மெக்கானிக் பேசிக்கொண்டிருந்த போனிலும் கழற்றினார்கள்.

மூடியைத் திறந்தார்கள். விரல், தெருவில் நின்ற ஒரு சிவப்பு மாட்டைப் பார்த்து நின்றது.

"நல்லா ஞாபகம் வச்சுக்கடா," என்றான் பூவரசன். "செவப்பு. ஒரு கொம்பு வளைஞ்சது."

பாயிண்ட்டை எடுத்து, புதுசைப் பொருத்திவிட்டு நிமிர்ந்தால், மாடு தெருக்கோடியில் போய்க்கொண்டிருக்கிறது.

"என் கல்யாணம் போச்சே!" என்று மாலையும் கழுத்துமாக அழுதான் சிகாமணி.

"வெரலத் திருப்பிருவமாண்ணே?" என்றான் தங்கவடிவு.

"திருப்பச் சொன்னாரா? பாக்கணும்னுதான சொன்னாரு."

"அப்ப மாட்டப் புடிச்சு இழுத்துட்டு வாரேன்."

"ஊரான் மாட்டக் கேக்காமத் தொடுறதா? காரு நம்மளுது. அதைக் கொண்டு போவோம்."

சிகாமணி ஸ்டியரிங்கைப் பிடிக்க, மற்ற இருவரும் தள்ளினார்கள். மாடு போன பக்கமெல்லாம் கார் போனது. பிள்ளையார் கோயில் முன்னால் மாடு சாணி போட நின்றது.

"ஐயோ, நின்னுருச்சுண்ணே! நாம நின்னா கல்யாணம் நின்னுருமே!"

"சுத்துடா!"

மாட்டை மூன்று சுற்று சுற்றினார்கள். இவர்கள் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று பார்த்தவர்கள் கும்பிட்டார்கள்.

மாட்டுக்கு எச்சில் இலை வாசனை அடித்தது. நேரே கல்யாண மண்டபத்துக்கு நடந்தது. பின்னாலேயே காரும் போய்ச் சேர்ந்தது.

சடையப்பன் ஓடிவந்தார். "வழியில நிக்கலையே?"

"மாடே நின்னுச்சு மாமா. வண்டி நிக்கல."

அவர் முன்பக்கம் குனிந்து காதை வைத்துக் கேட்டார். "சத்தமே இல்லையேப்பா!"

"எலக்ட்ரானிக் மாமா."

"பெட்ரோலு?"

"ஒரு சொட்டு செலவில்ல."

மனசு குளிர்ந்து பெண்ணைக் கொடுத்தார். தாலி கட்டி முடிந்ததுமே பூவரசனைத் தனியாகக் கூப்பிட்டார். "நம்ம லாரிக்கும் இதையே போட்டுருவமா?"

பூவரசன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "லாரி பெருசு மாமா. ரெண்டு மாடு வேணும்."

மறுநாளே சடையப்பன் இரண்டு மாடு வாங்கினார். ஒன்று கிழக்கே கிளம்பிற்று, இன்னொன்று மேற்கே கிளம்பிற்று. லாரியைத் தள்ள வந்த பதினாறு பேரும் எட்டெட்டாகப் பிரிந்து முன்னால் எட்டு, பின்னால் எட்டு என்று நின்று, ஒரே மூச்சில்... இதோ வந்துட்டேன் அத்தே, பாப்பா முழிச்சுட்டாளா? ஒரே மூச்சில் அந்த லாரியை இரண்டு பக்கமிருந்தும் தள்ள, அது நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை.