பச்சைப் பொட்டு

“எனக்கு எப்பதான் கலர் தருவிய?” என்று ஜெசிந்தாவிடம் கேட்டார் லூர்து.

தூத்துக்குடியில் விசைப்படகுகளுக்கு வயர்லெஸ் செட் செய்யும் பட்டறை அது. சோதித்துத் தேறிய செட்டின் மூடித் திருகில், சோதித்தவர் தன் நிறத்தில் ஒரு பொட்டு வைப்பார். ஜெசிந்தாவின் நிறம் பச்சை. பொட்டு வைத்த செட்டை வேறு யாரும் திறப்பதில்லை. திறந்தால், வைத்தவரைச் சந்தேகப்பட்டதாக அர்த்தம்.

லூர்துக்கு நிறம் கிடையாது. செல்போன் கடை வைத்து நாலு பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மனுஷன், தன்னைவிடச் சின்னவரான ஜெசிந்தாவிடம் சீடராக உட்கார்ந்திருந்தார். உறுத்தாமல் இருக்குமா?

“போலி சிப்பைப் பிடிக்கத் தெரியணும்ணே” என்றார் ஜெசிந்தா.

“அது தெரியாமலா? அசிட்டோன்ல பஞ்சை நனைச்சுத் தேச்சா, போலியோட எழுத்து கரைஞ்சு வந்துரும்.”

“எழுத்தை மட்டுந்தான் பாக்கிய.”

அவ்வளவுதான். ஜெசிந்தா எழுந்து போய்விட்டார்.

லூர்துக்குச் சுருக்கென்றது. அப்படி என்னதான் பார்க்கிறார் இவர்? அன்று படகேற வேண்டிய ஒரு செட்டை எடுத்தார். திருகைத் திருப்பினார். பச்சைப் பொட்டு உடைந்தது.

உள்ளே இருந்த சிப்பை லென்ஸில் பார்த்தார். அதன் ஓரத்தில் ஒரு சின்ன வட்டக் குழி. அசலில் குழியின் அடி வழவழவென்று இருக்கும். இதில் சொரசொரப்பு. பழைய பெயரைச் சுரண்டி, கறுப்புப் பூசி, புதுப் பெயர் அச்சடித்திருக்கிறார்கள்.

அசிட்டோன் தேய்த்தார். எழுத்து கரையவில்லை.

சொன்னால் பொட்டை உடைத்தது தெரிந்துவிடும், நிறம் கனவிலும் கிடைக்காது. சொல்லாவிட்டால், நடுக்கடலில் ஆபத்தென்று கூப்பிடுகிறவன் குரல் கரைக்கு வராமல் போகலாம்.

லூர்து செட்டோடு ஜெசிந்தாவின் முன்னால் போய் நின்றார்.

“இது போலி.”

“யார் பொட்டு இருந்துச்சு?”

“உங்க பொட்டு.”

“ஏன் திறந்திய?”

“நீங்க பாக்கிறத நானும் பாக்கணும்னு. தப்புதான். ஆனா சிப்பு போலி.”

ஜெசிந்தா பஞ்சை எடுத்துத் தேய்த்தார்.

“எழுத்து கரையலையே.”

“கரையாது. குழியப் பாருங்க.”

ஜெசிந்தா லென்ஸில் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆனது. யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதை யானையிடமே போய்ச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

நிமிர்ந்த முகத்தில் வெட்கம் இல்லை, பெருமைதான் இருந்தது.

“கேட்டியளா? எங்கிட்டப் படிச்சவரு என்னையே பிடிச்சிட்டாரு” என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

மேஜை இழுப்பறையைத் திறந்து வண்ணப் புட்டிகளை வெளியே வைத்தார்.

லூர்து சிவப்பை எடுத்தார்.

பச்சைப் பொட்டு வைத்த செட்டுகளையெல்லாம் அவர் பக்கம் தள்ளினார் ஜெசிந்தா.

“திறங்கண்ணே.”