பத்துக்குப் பத்து

மலைக்கு இந்தப் பக்கம், பஸ் வந்து திரும்பிப் போகிற ஓர் ஊரிலே ஓர் ஆஸ்பத்திரி இருந்ததாம். அங்கே ரெஜினா என்று ஒரு தலைமை நர்ஸ். அவளிடம் வேலை பழகியவர்கள் இரண்டு பேர். பியூலா சின்னப் பெண். மங்களேஸ்வரியோ ரெஜினாவைவிடவே இரண்டு வயது மூத்தவள்.

வயதானவர்களின் மறதி நோய்க்கு அங்கே தனிப் பிரிவு திறக்கப் போகிறார்கள். பொறுப்பு பியூலாவுக்கு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மங்களேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. நேரே ரெஜினாவிடம் வந்தாள்.

"சிஸ்டர், அந்தப் போஸ்ட்மாஸ்டர் ஐயாவுக்குப் போன வாரம் நான்தான் டெஸ்ட் வச்சேன். பத்துக் கேள்வி, பத்தும் சரி. நேத்து உங்க மகாராணி பியூலா பார்த்துட்டு, மறதி ஆரம்பிக்குதுங்கறா. 'சீக்கிரம் பிடிச்சிட்ட, இன்னும் சில வருஷம் நல்லா வச்சிருக்கலாம்'னு டாக்டர் அவளைக் கொஞ்சறார். அவளுக்கு மட்டும் தனியா என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"ஐயா வெளியிலதான் இருக்கார். என் முன்னால இன்னொரு தடவை கேளுங்க."

போஸ்ட்மாஸ்டர் மனைவியோடு வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன கிழமை ஐயா?"

அவர் மனைவி பக்கம் திரும்பினார். அந்த அம்மாளின் உதடு லேசாக அசைந்தது.

"வியாழன்."

மங்களேஸ்வரி குறித்துக்கொண்டாள். அவள் கண் ஜன்னல் வழியே பக்கத்து அறைக்குப் போனது. அங்கே பியூலா யாருக்கோ பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாசம்?"

மறுபடி திரும்பினார். "ஆவணி. ரிட்டயர் ஆன பிறகும் பரீட்சையாம்மா?" என்று சிரித்தார்.

பத்தும் முடிந்தது. "பார்த்தீங்களா சிஸ்டர்? பத்துக்குப் பத்து."

ரெஜினா அந்த அம்மாளிடம் ஒரு சீட்டை நீட்டினாள். "அம்மா, மருந்து கொடுக்கிற இடத்துல இதுக்கு ஒரு சீல் வாங்கிட்டு வந்துடுங்களேன்."

அந்த அம்மாள் போனதும் ரெஜினா கேட்டாள். "இன்னைக்கு என்ன கிழமை ஐயா?"

அவர் திரும்பினார். காலி நாற்காலி. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"அவ வந்துடட்டுமே," என்றார், மெல்ல.

மங்களேஸ்வரியின் பேனா நின்றுவிட்டது. ரெஜினாவைக் கதவோரம் அழைத்துப் போனாள்.

"இதைத்தான் பியூலாவுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. அவ அவரையே பார்த்துட்டிருந்தா. தெரிஞ்சது."

"நானும் எதிர்லதானே இருந்தேன் சிஸ்டர். எனக்கு ஏன் தெரியலை?"

"நீங்க அவளைப் பார்த்துட்டிருந்தீங்க."

சொல்லிவிட்டு ரெஜினா வார்டுப் பக்கம் நடந்து போனாள்.