சாம்பல்கரட்டு உப்பு

சாம்பல்கரட்டின் அடிவாரத்தில் ஓர் அழுங்கு குழி தோண்டிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் தோண்டும். விடிந்ததும் மண்ணைக் குவியலாக விட்டுவிட்டு, செதில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு தூங்கிவிடும். தோண்டச் சொன்னது ஒரு காட்டுப்பன்றி. தோண்டுவது உப்புக்காக.

அந்தக் காட்டில் உப்புக்கு ஒரே இடந்தான் இருந்தது. சிறுத்தைப் பாறைக்குக் கீழே உள்ள உவர்மண் பள்ளம். இலை தழை தின்னும் பிராணிகளுக்கு அவ்வப்போது அந்த மண்ணை நக்காவிட்டால் உடம்பு நிற்காது. நக்கப் போனால் உயிர் நிற்காது.

போன மழைக்காலத்தில், நாய் போலக் குரைக்கும் சிறு மானான கேளையாடு ஒன்றின் துணை அங்கே போனது. திரும்பி வரவில்லை. அதன் பிறகு கேளையாடு பள்ளத்துப் பக்கம் தலைகாட்டவே இல்லை. இப்போது அதற்குப் பால் குடிக்கும் குட்டி ஒன்று இருந்தது. உப்பில்லாமல் மடி வற்றிக்கொண்டு வந்தது. குட்டி பாறையை நக்கியது, மரப்பட்டையை நக்கியது, தாயின் கண்ணோரத்தையும் நக்கியது.

அந்த நேரத்தில்தான் பன்றி காடெல்லாம் சொல்லிவிட்டது.

"சாம்பல்கரட்டுல உப்பு இருக்கு. தோண்டுற அழுங்குக்குத் தீனி வேணும். ஆளுக்குக் கொஞ்சம் மேய்ச்சலை விட்டுக் கொடுங்க. உப்பு கிடைச்சதும் ஆளுக்கொரு பங்கு!"

கேளையாடு பார்க்கப் போனது. கூடவே ஒரு முயலும் ஒரு முள்ளம்பன்றியும் வந்தன. குவியலின் உச்சியிலிருந்து பன்றி ஒரு கட்டியை மூக்கால் உருட்டிவிட்டது.

"நக்கிப் பாருங்க."

"கரிக்குது" என்றது முயல்.

"லேசா" என்றது முள்ளம்பன்றி.

"ஆரம்பத்துல லேசாத்தான் கரிக்கும்" என்றது பன்றி.

கேளையாடு அழுங்கை மெல்ல எழுப்பியது. "அண்ணே, உப்பு இருக்கா இல்லையா?"

அழுங்கு ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "ஒரு குழிதானம்மா தோண்டுறேன். இன்னும் அடிக்குப் போகணும், அப்புறம் பத்து இடத்துல தோண்டணும். அதுவரைக்கும் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றது பன்றி. "இல்லைன்னு அவனாலயே சொல்ல முடியல."

அன்று சாயங்காலம் மூன்றும் இலந்தைப் புதரடியில் கூடிப் பேசின. இந்தக் குழி என்ன பெறும் என்பதுதான் பேச்சு.

"சிறுத்தைப் பாறைப் பள்ளம் ஒரு குளம் அளவு இருக்கு. அந்தப் பாறையும் இந்தக் கரடும் ஒரே சரிவு. அப்ப இங்கயும் குளம் அளவுக்கு இருக்கத்தானே செய்யும்?" என்றது முயல்.

"நீயும் நானும்கூட ஒரே சரிவுலதான் பொறந்தோம். உன் முதுகுல முள் இருக்கா?"

"உங்களுக்கு எப்பவும் குத்தல்தான் அண்ணே. நாளைக்கு விலை ஏறினப்புறம் வந்து நிப்பீங்க, பாருங்க."

கேளையாட்டுக்கென்று ஆறு நெல்லி மரங்கள் இருந்தன. புல் காய்ந்தாலும் அங்கே காய் உதிரும். அது காயை நினைத்தது. பிறகு சிறுத்தைப் பாறையை நினைத்தது. மறுநாள் மூன்று மரத்தடியைப் பன்றிக்கு விட்டுக்கொடுத்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓரிடத்தில் உனக்குப் பங்கு இருந்தால் அங்கே போய்ச் சிறுநீர் விட வேண்டும். பட்டாவும் அதுதான், பத்திரமும் அதுதான். கண்டுபிடித்தவன் என்ற முறையில் பன்றி முதல் நாளே குவியல்மேல் விட்டிருந்தது. இப்போது முயல் விட்டது. கேளையாடும் விட்டது. மூன்றாம் நாள் மனசு பொறுக்காமல் முள்ளம்பன்றியும் தன் கிழங்குக் காட்டைக் கொடுத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்து விட்டுவிட்டுப் போனது.

நான்காம் நாள் மண் நன்றாகக் கரித்தது.

செய்தி பரவியது. கடமான் வந்தது, காட்டெருமை வந்தது. வந்தவை நக்கின, கொடுத்தன, அடையாளம் விட்டன. அடுத்த நாள் வந்து மறுபடி நக்கின. தன் அடையாளம் காய்ந்துபோய்விடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றும் தினம் ஒருமுறை வந்து புதுப்பித்தது. நாற்றம் அடித்தது. ஆனால் அந்த நாற்றந்தான் எல்லோருக்கும் தைரியம். இத்தனை பேர் பங்கு வாங்கிய இடம் வீணாகவா போகும்?

"முந்தாநாள் ஒரு புல்மேட்டுக்குக் கிடைச்ச பங்கு இன்னிக்கு ஒரு சரிவையே கொடுத்தாலும் கிடைக்காது" என்றது முயல். "அக்கா, மிச்ச மூணு மரத்தையும் போடுங்க. அப்புறம் வருத்தப்படாதீங்க."

கேளையாடு குவியலை நக்கிப் பார்த்தது. நாக்கு சுரீரென்றது. மிச்ச மூன்று மரத்தையும் போட்டுவிட்டது.

பத்தாம் நாள் விடியற்காலை கேளையாடு குட்டியோடு வந்தபோது, அழுங்கு அப்போதுதான் குழியிலிருந்து ஏறி வந்தது. செதிலெல்லாம் அடிமண் ஈரமாக அப்பியிருந்தது. எதைக் கண்டாலும் நக்கும் குட்டி ஓடிப்போய் அதன் முதுகை நக்கியது. நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நேரே குவியலுக்குப் போய் ஆசையாக நக்கத் தொடங்கியது.

கேளையாட்டுக்கு என்னமோ போலிருந்தது. அதுவும் அழுங்கின் முதுகு மண்ணை நக்கியது. உப்பில்லை. ஒரு துளிகூட இல்லை. வெறும் மண்.

"அண்ணே, இது எங்க இருந்த மண்ணு?"

"குழியோட அடிமண்ணும்மா. அடியில ஒன்னுமே இல்லைன்னு நாலு நாளா பன்றிகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். மேல கரிக்குதுன்னு நீங்கதான் சொல்றீங்க."

"மேல மட்டும் எப்படி அண்ணே கரிக்கும்?"

அழுங்கு தலையைக் குனிந்துகொண்டது. "எப்படிக் கரிக்காம இருக்கும்? தினம் எத்தனை பேரு வந்து அது மேல..." அதற்குமேல் சொல்ல அதற்கே கூச்சமாக இருந்தது.

குட்டி இன்னும் நக்கிக்கொண்டிருந்தது. கேளையாடு தலையால் முட்டி அதை அப்பால் தள்ளியது. பத்து நாள் தன் நாக்கில் இனித்த கரிப்பு போக, நாக்கை ஈரப் புல்லில் தேய்த்தது.

"அப்ப நான் கொடுத்த நெல்லிக்காய்? உங்க தீனிக்குன்னுதானே கொடுத்தேன்?"

"நெல்லிக்காயா?" அழுங்கு திகைத்துப்போனது. "எனக்குப் பல்லே கிடையாதும்மா. எறும்பு, கறையானைத் தவிர நான் எதையும் தின்னதில்ல."

கேளையாடு நெல்லி மரங்களுக்கு ஓடியது. ஆறு மரத்தடியும் உழுத வயல் மாதிரி கிளறிக் கிடந்தது. வேர்கள் வெளியே தெரிந்தன. ஒரு காய் இல்லை. நடுவில் பன்றி வயிற்றைப் பரப்பிக்கொண்டு தூங்கியது. எழுப்பிக் கேட்டதற்கு, "நானுந்தான் நக்கினேன். கரிச்சுது. நான் என்ன பண்ண?" என்று புரண்டு படுத்துக்கொண்டது.

குவியலுக்குத் திரும்பி வந்து, முயலிடமும் முள்ளம்பன்றியிடமும் கேளையாடு எல்லாவற்றையும் சொன்னது. முள்ளம்பன்றியின் முட்கள் ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டு நின்றன. முயல் வாயைத் துடைத்தது. மறுபடி துடைத்தது. பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தியது.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அதோ பாருங்க."

ஓடைக்கு அப்பாலிருந்து ஒரு புள்ளிமான் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு குட்டி.

"ஓடைக்கரைப் புல்லைக் கொடுத்துப் பங்கு வாங்க வருது. உங்க பங்கை அதுகிட்ட தள்ளிவிடுங்க அக்கா. மேல்மண்ணை மட்டும் காட்டினா போதும். கோடை பூரா உங்க குட்டிக்குப் பச்சைப் புல்."

புள்ளிமான் கேளையாட்டின் முன்னால் வந்து நின்றது. "அக்கா, பிள்ளைக்காரிங்கிறதால உங்களைக் கேக்கறேன். இங்க உப்பு நெசமாவே இருக்கா? என்கிட்ட இருக்கிறது அந்தப் புல்லு ஒன்னுதான்."

கேளையாடு தன் குட்டியைப் பார்த்தது. விலா எலும்பு தெரிந்தது. புள்ளிமானின் குட்டியைப் பார்த்தது. அது குவியலை நோக்கி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

கேளையாடு கழுத்தை உயர்த்திக் குரைத்தது. சிறுத்தையைக் கண்டால் மட்டும் எழுப்பும் குரல் அது. ஒருமுறை, இருமுறை, ஏழெட்டுமுறை. கரடு எதிரொலித்தது. புள்ளிமான் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடைக்கு அப்பால் பாய்ந்தது. பங்கு வாங்கவும் விற்கவும் வந்துகொண்டிருந்த அத்தனையும் திரும்பி ஓடின. என்னவென்று கேட்டு வந்தவர்களிடம் கேளையாடு விஷயத்தைச் சொல்ல, அன்றைக்கே காடு முழுக்க உண்மை தெரிந்துபோனது.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று முயல் கத்தியது. "உங்க பங்கும் போச்சு, என் பங்கும் போச்சு!"

"எது போச்சு?" என்றது கேளையாடு. "அதுல இருந்ததெல்லாம் நாம விட்டதுதான்."

அது குட்டியோடு சிறுத்தைப் பாறையின் வழியில் நடந்தது. உப்பு அங்கேதான் இருந்தது. வேறு வழியில்லை. நாலடி வைப்பதற்குள் பின்னாலிருந்து சலசலவென்று ஒரு சத்தம் வந்தது. முள்ளம்பன்றி முட்களை உதறிக்கொண்டு வந்து முந்தியது.

"என்னைக் கடிக்கச் சிறுத்தையும் யோசிக்கும்" என்றது. "நான் முன்னால போறேன். நீ குட்டியை நடுவுல விடு."

தாங்கள் கொட்டியதையே தாங்கள் நக்கிப் பார்த்து அதை மண்ணின் வளம் என்று மதிப்பிடுகிறவர்கள், கையில் இருந்த மேய்ச்சலையும் இழப்பார்கள்.