அறுபது மணிக் கொலுசு

அசமந்தம்பட்டிப் பேச்சியப்பனுக்கு இது எட்டாவது பெண் பார்ப்பு. ஏழு இடம் தட்டிப்போயிற்று. இதுவாவது அமைய வேண்டுமே என்ற கவலையில் அவனுக்குச் சோறே இறங்கவில்லை. வேளைக்கு எட்டு இட்லிதான்.

போன வாரம் அரிசோனாவிலிருந்து அவன் அண்ணன் போனில் வீட்டார் எல்லோரிடமும் பேசியிருந்தான். "இங்க கிலுகிலுப்பைப் பாம்புன்னு ஒண்ணு இருக்கு. கொத்துறதுக்கு முன்னால வாலை ஆட்டி எச்சரிக்கும். கிலுகிலுன்னு கேட்டா அசையாம நிக்கணும். ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் வாலுல ஒரு மணி கூடும். அதை எண்ணித்தான் இங்க சிலபேர் வயசு சொல்றாங்க."

வயசு கூடிவிடுமே என்று அன்றிலிருந்து பேச்சியப்பன் சட்டையைக் கழற்றவே இல்லை.

அப்பாவோடும் தாய்மாமனோடும் போய் உட்கார்ந்ததும் பெண் வீட்டில் கேசரி வைத்தார்கள். ஒரு வாய் எடுத்து உதட்டருகே கொண்டுபோனான். உள்ளேயிருந்து கிலுகிலு என்று சத்தம். காலில் கொலுசோடு, கையில் காபித் தட்டோடு வடிவு வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் மூவரும் சிலையானார்கள். கேசரி பேச்சியப்பன் மடியில் விழுந்தது. அவன் அசையவில்லை.

"மாமா, அது பொண்ணு மாதிரி இருக்கே," என்றான் உதடு பிரிக்காமல்.

"பொண்ணுதான்டா. ஆம்பளப் பாம்புன்னு யாரு சொன்னா?" என்றார் தாய்மாமன் சங்கரலிங்கம்.

வடிவு நின்றாள். சத்தமும் நின்றது. மூவருக்கும் மூச்சு வந்தது.

"பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு," என்று பேச்சைத் தொடங்கினார் பெண்ணின் அப்பா.

"நீங்க எதுக்குச் சிரமப்படுறீங்க?" என்று சங்கரலிங்கம் தரையில் குப்புறப் படுத்து மணியை எண்ணினார். "காலுக்கு முப்பது. ஆக அறுபது."

பேச்சியப்பனின் அப்பா இடிந்துபோனார். "என்னைவிட மூணு வயசு மூப்பு! மருமகளேன்னு எப்படிப்பா கூப்பிடுவேன்?"

"அக்கான்னு கூப்பிடுங்க மச்சான். மரியாதையா இருக்கும்."

பேச்சியப்பனுக்குக் கண் கலங்கியது. வடிவின் கன்னத்தில் குழி விழுவதை அவன் பார்த்துவிட்டான். அறுபதானாலும் பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தான்.

"மணிதானே கணக்கு?" வடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து இரண்டு கொலுசையும் கழற்றினாள். "இப்ப எண்ணுங்க."

சங்கரலிங்கம் மறுபடியும் படுத்தார். முகம் வெளிறி எழுந்தார். "ஒண்ணுகூட இல்ல! இப்பத்தான் பொறந்திருக்கு! ஓடுங்கப்பா, பச்சப்புள்ளையப் பொண்ணு பார்த்தோம்னு போலீஸ் புடிச்சிடும்!"

ஓட்டத்திலும் பேச்சியப்பன் வாசலில் திரும்பிப் பார்த்தான். "பதினெட்டு வருஷம் ஆனாலும் காத்திருப்பேன் வடிவு! வேளாவேளைக்குப் பால் குடி!"

மறுநாள் காலையில் தச்சரிடம் போய்த் தொட்டில் செய்யச் சொன்னான். ஆறடி நீளம்.

"குழந்தைக்குத்தானே? எதுக்குப்பா இத்தனை பெருசு?" என்றார் தச்சர்.

"நேத்துப் பொறந்ததுதான் அண்ணாச்சி," என்றான் பேச்சியப்பன் பெருமையாக. "புள்ள கொஞ்சம் வளர்த்தி."