லில்லியைத் தேடிப் போனது

மேகம் வாசல்வரை வந்துபோகும் மலை அது. அங்கே குடில் போட்டிருந்த சடையப்ப சுவாமிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். வெளிநாட்டார் வந்தால் சீடர் மாசிலாமணிதான் மொழிபெயர்ப்பார். துறவுக்கு முன் ஓட்டலில் அறை பெருக்கியபோது காதில் விழுந்து கற்ற ஆங்கிலம். சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொல்வார்.

தீட்சை வாங்க வந்த ஒரு வெள்ளைக்கார இளைஞன் கடைசி நேரத்தில் தயங்கினான். கால் சில்லிட்டுவிட்டதாம் என்றார் மாசிலாமணி. பயத்தை அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று இருவருக்கும் தெரியாது. சுவாமி தன் கம்பளியை எடுத்து அவன் கால்களில் சுற்றிவிட்டார். அவன் அங்கேயே தங்கிவிட்டான்.

ஒரு மழைக்காலப் பிற்பகலில் ஐரீன் என்ற பெண் வந்தாள். சுவாமியின் எதிரே உட்கார்ந்து ஒரே வாக்கியம் சொன்னாள். மாசிலாமணி அதை மாற்றிச் சொன்னார்.

"இந்த அம்மா மகளைத் தொலைத்துவிட்டார்களாம், சாமி."

"பெயர் என்ன?"

"லில்லி."

சுவாமி கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வரச் சொல். தேடலாம்."

வெளியே பனிமூட்டம். மரங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றிக் கரைந்தன. சுவாமி முன்னால் நடந்தபடி லில்லி என்று கூப்பிட்டார். பதிலுக்காக நின்றார். மறுபடி நடந்தார். ஐரீன் திகைத்துப்போய்ப் பின்தொடர்ந்தாள். ஓடைக்கரையில் அவளும் கூப்பிட்டாள். முதலில் வாய்க்குள்ளே. பிறகு மலை முழுக்கக் கேட்கும்படி. அந்தப் பெயர் பனிக்குள் போய், ஏதோ ஒரு குழந்தை விளையாட்டாகச் சொல்வதுபோல் மெல்லத் திரும்பி வந்தது. ஈரப் புல்லில் உட்கார்ந்து அவள் அழுதாள்.

அழுகைக்கு நடுவே சொன்னதிலிருந்துதான் மாசிலாமணிக்கு விளங்கியது. மகள் இறந்து வருடங்கள் ஆகின்றன. அதன்பின் வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுத்ததில்லை. எல்லோரும் தைரியம் சொன்னார்கள். சுவாமி அப்போதும் புதர்களை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பனி விலகியபின் திரும்பினார்கள். ஐரீன் கஞ்சி வாங்கிக் குடித்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். சுவரோரம் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

மாசிலாமணி சுவாமியின் அருகே போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தப்பாகச் சொல்லிவிட்டேன், சாமி. அவர்கள் பேச்சில் தொலைத்தேன் என்றால் பறிகொடுத்தேன் என்று அர்த்தம். அந்தக் குழந்தை உயிரோடு இல்லை. சரியாகச் சொல்லியிருந்தால் உங்களை இப்படி அலையவிட்டிருக்க மாட்டேன்."

சுவாமி தூங்குகிறவளைப் பார்த்தார்.

"சரியாகச் சொல்லியிருந்தால், நானும் உட்கார்ந்த இடத்திலேயே ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்."